முக்கால் மில்லிமீட்டர் காற்று

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் சுங்காய் என்பது பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவில் வரும் ஒரு பச்சைப் பலகை. பழைய கூட்டரசுச் சாலையில் வந்தால்தான் ஊர் கண்ணில் படும். ரயில் நிலையம், இரண்டு பக்கமும் கடை வரிசை, அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே நிலத்தில் பால்மரம் நின்றது. லயத்து வீடுகள் பல காணாமல் போய்விட்டன. தோட்டத்து ஸ்டோரில் டிராக்டரும் லோரியும் பார்த்துத் தொழில் பழகிய கைகள் மட்டும் சாலையோரப் பட்டறைகளுக்கு இடம் மாறின.

அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் நான் நின்றிருந்த காலைப்பொழுதில் ஒரு பிக்கப் வந்தது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு உர மூட்டை ஏற்றிப்போய், திரும்பும்போது காய்கறி ஏற்றி வரும் வண்டி. உடம்பு ஒரு வண்டியினுடையது, எஞ்சின் இன்னொரு வண்டியினுடையது. ஜப்பானில் கழித்துப்போட்ட கார்களின் முன்பாதியை அப்படியே வெட்டிக் கொண்டுவந்து விற்பார்கள். மலேசியாவில் அதற்கு ஹாஃப் கட் என்று பெயர். அப்படி வந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இது, தலையில் சூப்பர்சார்ஜரோடு. ஓட்டிவந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

“அண்ணே, போன வாரம் வரைக்கும் நல்லா இழுத்துச்சு. பெரிய இன்டர்கூலர் ஒண்ணு மாட்டினேன். அதிலேர்ந்து லோட் ஏத்திக்கிட்டு தாப்பா ஏத்தத்துல போனா திக்குது. போட்டவன் ஏமாத்திட்டான்.”

பட்டறை அண்ணன் போனெட்டைத் திறக்கவே இல்லை.

“எங்க திக்குது? கீழயா, மேலயா?”

“கீழதாண்ணே மோசம். ரிங்லெட் தாண்டிட்டா கொஞ்சம் சரியாயிடுது.”

“சும்மா நிக்கும்போது?”

“பூனை மாதிரி இருக்கும்.”

“அப்ப பிளக்கைக் கழட்டு.”

நோயாளியைத் தொடாமலே மருந்து சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. மலை ஏற ஏற எஞ்சின் களைக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். இது மேலே போகப்போகத் தெளிகிறது. ‘மேலே போனால் சரியாகிறது’ என்ற ஒரே சொல்லில் அண்ணன் பிடித்த துப்பு இந்த அத்தியாயத்தின் விஷயம்.

*

ஸ்பார்க் பிளக் எளிமையான பொருள். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் உறை, வெளியே இரும்புச் சட்டை, அந்தச் சட்டையிலிருந்து வளைந்து வந்து நடுக்கம்பியின் தலைக்கு நேராக நிற்கும் ஒரு கொக்கி. கொக்கிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குத்தான் கேப் என்று பெயர். அதில்தான் பொறி பாய்கிறது.

‘ஒன்றுமில்லை’ என்று சொன்னது தப்பு. அங்கே காற்று இருக்கிறது. காற்று மின்சாரத்தை விடாது. அதை விடவைக்க எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பதைக் காற்றின் கனம் தீர்மானிக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பால்மரக் காடு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரை பிடித்து நட்ட மரங்கள், நடுவில் நல்ல இடைவெளி. மேட்டிலிருந்து ஒரு பையன் ஓட ஆரம்பிக்கிறான். இரண்டு மரத்துக்கு நடுவில் வேகம் எடுக்கிறான், மரத்தில் மோதினால் நின்றுவிடுகிறான், மறுபடி ஓடுகிறான். நல்ல வேகத்தில் மோதினால் மரத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையன் கீழே விழுந்து அவனும் ஓட ஆரம்பிக்கிறான். இப்போது இரண்டு பேர். அடுத்த மோதலில் நான்கு, பிறகு எட்டு. பள்ளத்துக்குப் போய்ச்சேரும்போது ஒரு பட்டாளமே வந்துவிடும்.

ஓடுகிற பையன் எலக்ட்ரான். மரங்கள் காற்றின் மூலக்கூறுகள். சரிவு வோல்ட்டேஜ். கீழே வந்து சேரும் பட்டாளம்தான் நம் கண்ணில் படும் நீலப் பொறி. ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட 12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை, நைட்ரஜனிலிருந்து தட்டிவிட 15-க்கு மேல். அந்த ஆற்றலை எலக்ட்ரான் இரண்டு மோதல்களுக்கு நடுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்படி எலக்ட்ரான் எலக்ட்ரானைப் பெருக்கிக்கொண்டே போவதை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜான் டவுன்செண்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். இயற்பியலில் அதற்குப் பனிச்சரிவு என்று பெயர் வைத்தார்கள். பனியைப் பார்க்காத நமக்குப் பால்மரக் காடே போதும்.

இப்போது அதே சரிவில் மரத்துக்குப் பதிலாக அடர்ந்த புதர். பையன் இரண்டடி ஓடுவதற்குள் முட்டிக்கொள்கிறான், வேகமே எடுக்க முடியவில்லை. அவன் பழைய வேகத்தில் மோத வேண்டுமானால் சரிவு இன்னும் செங்குத்தாக இருக்க வேண்டும். காற்றை அழுத்தி அடர்த்தியாக்கினால் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டியிருப்பது இதனால்தான்.

வேறு ஒரு வழியும் இருக்கிறது. சரிவைச் செங்குத்தாக்க மேட்டை உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மேட்டின் உயரம் அப்படியே இருக்கட்டும், பள்ளத்தைக் கிட்டே கொண்டுவந்தாலும் சரிவு செங்குத்தாகும். அதாவது கேப்பைக் குறைப்பது.

ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷென் காற்று, ஹைட்ரஜன், கரியமில வாயு மூன்றையும் வைத்துச் சோதித்து 1889-இல் இதை ஒரு விதியாக வெளியிட்டார். பொறிக்கு வேண்டிய வோல்ட்டேஜ் தூரத்தைத் தனியாகவும் அழுத்தத்தைத் தனியாகவும் பார்ப்பதில்லை, இரண்டின் பெருக்குத்தொகையைத்தான் பார்க்கிறது. பாதி தூரம், இரட்டை அழுத்தம் என்றால் கிட்டத்தட்ட அதே வோல்ட். வழியில் எத்தனை மரம் என்பதுதான் கணக்கு, எத்தனை அடி என்பதில்லை. இந்த விதிக்கு ஒரு வேடிக்கையான அடிமுனையும் உண்டு. மரங்களைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பையன் எதிலும் மோதாமலே பள்ளத்துக்கு வந்துவிடுவான், யாரையும் கீழே தள்ளமாட்டான். அங்கிருந்து வோல்ட்டேஜ் தேவை மறுபடி ஏறும். சாதாரணக் காற்றில் 330 வோல்ட் அளவுக்குக் கீழே எந்த இடைவெளியிலும் பொறி பாயாது. வீட்டுச் சுவரில் இருக்கும் 230 வோல்ட் நம் விரலைத் தேடித் தாவி வராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (தொட்டுப் பார்க்க வேண்டாம். தொட்டால் கேப் இல்லை.)

*

இப்போது அந்தப் பிக்கப்புக்கு வருவோம்.

சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. பிஸ்டன் கீழே போகும்போது உண்டாகும் வெற்றிடத்தில் வெளிக்காற்று விழுகிறது. சூப்பர்சார்ஜர் அந்தக் காற்றைப் பிடித்துத் திணிக்கிறது. எஞ்சினின் சுழலும் தண்டிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுற்றுகிறது. அந்தப் பையனின் வண்டியில் அரை பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம்.

அழுத்தம் ஒன்றரை மடங்கு என்றால் காற்றின் அடர்த்தியும் ஒன்றரை மடங்கா? இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுமே, அதேபோல் திணிக்கப்பட்ட காற்றும் சுடும். சுட்ட காற்று விரியும். சுங்காயின் 32 டிகிரிக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால் அது சுமார் 90 டிகிரிக்குச் சூடாகி வெளியே வரும். கணக்குப் பார்த்தால் அடர்த்தி ஒன்றேகால் மடங்குதான் கூடியிருக்கும். மீதிக் கால் மடங்கு சூட்டில் போய்விடுகிறது.

அதை மீட்கத்தான் இன்டர்கூலர். சூடான காற்றை ஒரு ரேடியேட்டர் வழியாக விட்டு 45 டிகிரிக்கு இறக்கிவிட்டால் அடர்த்தி 1.44 மடங்காகிறது. பையன் மாட்டிய பெரிய இன்டர்கூலர் ஏமாற்று வேலை இல்லை, சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நன்றாக வேலை செய்ததால்தான் வண்டி திக்க ஆரம்பித்தது.

பிளக்கின் முன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். பொறி பாயும் நேரத்தில் பிஸ்டன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிட்டது. உள்ளே வந்த காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கப்பட்டிருக்கிறது. ஆக அடர்த்தி 1.44 பெருக்கல் 7, சுமார் பத்து மடங்கு. 1.1 மில்லிமீட்டர் கேப்புக்குள் இருக்கும் மூலக்கூறுகள், திறந்தவெளியில் 11 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும் மூலக்கூறுகளுக்குச் சமம். திறந்த காற்றில் 11 மில்லிமீட்டரைத் தாவ 33 ஆயிரம் வோல்ட் வேண்டும். பூஸ்ட் இல்லாத எஞ்சினில் அதே கேப்புக்கு 24 ஆயிரம் போதும். சும்மா நிற்கும் நேரத்தில் காற்றுக் கதவு மூடிக்கிடப்பதால் சிலிண்டருக்குள் போவதே மூன்றில் ஒரு பங்குக் காற்று. அப்போது பத்தாயிரத்துக்கும் குறைவு. அதனால்தான் ஐட்லிங்கில் பூனை.

இந்த எண்கள் கொஞ்சம் மிகைதான். நடுக்கம்பியின் கூரான ஓரமும் அதன் சூடும் வோல்ட்டேஜ் தேவையைக் குறைத்துக்கொடுக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது. பழைய எஞ்சின் ஒன்றில் பிளக்குக்கு வோல்ட் கொடுக்கும் வயதான காயில், வயதான வயரோடு சேர்ந்து, 30 ஆயிரம் வோல்ட்டைத் தாண்டவே மூச்சு வாங்கும்.

கேமரன் துப்பு இங்கேதான் பொருந்துகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை சுமார் 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுகிறது. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் 85 சதவீதம்தான். மேலே குளிர் என்பதால் அடர்த்தி அவ்வளவு குறையாது, ஒரு 12 சதவீதம் குறையும். 33 ஆயிரத்தில் 12 சதவீதம் கழித்தால் 29 ஆயிரம். காயிலின் கைக்கு எட்டும் தூரம். கீழே தாப்பா ஏற்றத்தில் எட்டாமல் போன பொறி, ரிங்லெட் தாண்டியதும் எட்டிவிடுகிறது.  அண்ணன் பாஷெனைப் படித்தவர் இல்லை. முப்பது வருஷமாக அந்த மலையில் ஏறி இறங்கும் வண்டிகளைப் படித்தவர்.

*

“காத்து ஜாஸ்தியானா பொறியை ஊதி அணைச்சிடும்” என்று பட்டறைகளில் சொல்வார்கள். மெழுகுவர்த்தியைப் பார்த்து வந்த எண்ணம். சுழன்றடிக்கும் காற்று, பாய்ந்துவிட்ட பொறியை வளைத்து நீட்டி அறுத்துவிடுவதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலான நேரம் பொறி அணைவதில்லை, பிறப்பதே இல்லை. பிறக்காத பொறியின் வோல்ட்டேஜ் எங்கே போகும்? வேறு வழி தேடும். பீங்கானின் வெளிப்பக்கம் வழியாக இறங்கும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் கரிக்கோடு போடும், வயரின் ரப்பரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து இரும்புக்குத் தாவும். மழை பெய்த ராத்திரியில் போனெட்டைத் திறந்து விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பழைய வயர்களின் மேல் நீல மினுக்கம் ஊர்வது தெரியும்.

அந்த ரப்பர் உறைக்கும் பேராக்குக்கும் பழைய உறவு. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். பிற்பாடு மாநிலம் முழுக்கப் பரவிய பால்மரக் காடுகளின் பால் டயராகப் போனது எல்லாருக்கும் தெரியும். எஞ்சினுக்குள் 20 ஆயிரம் வோல்ட்டைச் சிந்தாமல் பிளக் வரை கொண்டுபோன வயருக்குச் சட்டையும் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர்தான். நம் பாட்டிமார்கள் விடிகாலை இருட்டில் மங்கு மங்காகச் சேர்த்த பால் உலகத்தின் பெட்ரோல் எஞ்சின்களில் மின்சாரத்துக்கு வேலி போட்டு நின்றிருக்கிறது. யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

அந்த வேலியை அரித்ததும் பொறிதான். காற்றில் மின்பொறி பாயும்போது ஆக்சிஜன் ஓசோனாக மாறுகிறது. இடி இடித்த பிறகு மூக்கில் ஏறும் அந்த வாசம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிறிஸ்தியான் ஷோன்பைன் 1840-ஐ ஒட்டி அதை ஒரு தனிப் பொருள் என்று அடையாளம் கண்டு, வாசனை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில் இடைவிடாமல் இரட்டைப் பிணைப்புகள் வரும். ஓசோன் நேராக அங்கே போய் வெட்டும். இழுபட்டு நிற்கும் ரப்பரில் முதலில் மெல்லிய வெடிப்பு, பிறகு ஆழமான பிளவு. வெடித்த வயரில் மின்சாரம் ஒழுகும். ஒழுகும் மின்சாரம் இன்னும் ஓசோன் செய்யும். இந்தச் சுழற்சியும் ஒரு காரணமாக வயரின் சட்டை பின்னாளில் சிலிக்கோனுக்கு மாறியது. அதன் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு கிடையாது.

*

பிக்கப்பை விட்டு லோரிக்கு வந்தால், ‘சூப்பர்சார்ஜர் போட்ட லோரி எஞ்சின்’ என்ற சொல்லே கொஞ்சம் முரண்டு பிடிக்கும் சொல். லோரி என்றால் டீசல். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை நசுக்கி வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆனால் சூப்பர்சார்ஜரை லோரிகளில் பரவலாக்கியது டீசல்தான். 1938-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 71 வரிசை எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக் டீசல். தானாக மூச்சு விடத் தெரியாது. அதற்கு மூச்சுக் கொடுக்க ரூட்ஸ் ஊதியை மாட்டினார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற கருவி அது, உலைகளுக்குக் காற்றடிப்பதற்குப் பேர்போனது. போருக்குப் பிறகு அமெரிக்க இளைஞர்கள் பழைய லோரிகளிலிருந்தும் பஸ்களிலிருந்தும் அந்த ஊதியைக் கழற்றிப் பந்தயக் கார்களின் பெட்ரோல் எஞ்சின் தலையில் வைத்தார்கள். பிளக் தொந்தரவும் கூடவே வந்தது. 1954-இல் இங்கிலாந்தில் வந்த கொமர் லோரியின் டி.எஸ்.3 டீசலிலும் ரூட்ஸ் ஊதி இருந்தது. அதைச் செய்த கம்பெனியின் பெயரும் ரூட்ஸ். இரண்டு ரூட்ஸுக்கும் உறவு கிடையாது.

தொழிற்சாலையிலேயே பெட்ரோல் எஞ்சினும் சூப்பர்சார்ஜருமாக வந்த பிக்கப்புகள் அமெரிக்க ஆடம்பரம். 1999-இல் வந்த ஃபோர்டு லைட்னிங், 2021 மாடலாக வந்த 702 குதிரைசக்தி ராம் டி.ஆர்.எக்ஸ். சுங்காய்ப் பக்கத்தில் அது ஹாஃப் கட் கொடுத்த வரம்.

பிளக் இல்லாத டீசல், சூப்பர்சார்ஜர் வைத்த பெட்ரோல் இரண்டையும் இந்த வட்டாரம் முன்பே பார்த்திருக்கிறது. 1942 ஜனவரி 7 விடிகாலையில் சுங்காய்க்குத் தெற்கே துரோலாக்கிலும் சிலிம் ரிவரிலும் பிரிட்டிஷ் அரணை உடைத்துக்கொண்டு போன ஜப்பானியக் கவச வண்டிகள் டீசல். அவற்றில் பிளக்கே கிடையாது. அதற்கு முந்தைய மாதம் ஈப்போ விமானத்தளத்திலிருந்து பறந்த ஆஸ்திரேலியப் படையின் புரூஸ்டர் பஃபலோ விமானங்களில் சூப்பர்சார்ஜர் வைத்த ஒன்பது சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், சிலிண்டருக்கு இரண்டாகப் பதினெட்டு பிளக். பிஸ்டன் விமானங்களின் பிளக்குகளில் இன்றும் கேப் 0.4 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வைப்பார்கள். உயரத்தில் வெளிக்காற்று மெலிந்துவிடும், எஞ்சினுக்குள்ளே மட்டும் ஊதி அடைத்த காற்று. கேப்பை அகலமாக வைத்தால் பொறி உள்ளே தாவுவதைவிட வெளியே மெல்லிய காற்றில் தாவுவது சுலபமாகிவிடும். சோம்பேறியான பொறி சுலபமான வழியைத்தான் எடுக்கும்.

*

அப்படியானால் எல்லா எஞ்சினிலும் கேப்பை நெருக்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் விஷயம் வலிக்கிறது.

பொறி பாய்ந்தால் மட்டும் போதாது, தீ பிடிக்க வேண்டும். பொறி பற்றவைக்கும் முதல் நெருப்பு கடுகளவு. அது இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவில் பிறக்கிறது. உலோகம் சூட்டை உறிஞ்சும். கேப் சின்னதானால் பிஞ்சு நெருப்பு இரண்டு பக்கமும் உலோகத்தில் உரசிக் குளிர்ந்து செத்துப்போகும். ஹம்ப்ரி டேவி 1815-இல் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செய்துகொடுத்த விளக்கு இதே தத்துவத்தில்தான் உயிர் காத்தது. சுடரைச் சுற்றிய கம்பிவலையின் சின்னஞ்சிறு கண்களைத் தாண்டி நெருப்பால் வெளியே வர முடியாது. சுரங்கத்தில் நமக்கு வேண்டியது நெருப்பு சாவது. சிலிண்டரில் வேண்டியது அது பிழைப்பது.

அடர்த்தியான கலவையில் பிஞ்சு நெருப்பு வேகமாக வளரும், நெருக்கமான கேப்பிலும் பிழைத்துக்கொள்ளும். அதனால் பூஸ்டில் ஓடும்போது சின்ன கேப் நஷ்டமில்லை. சும்மா நிற்கும்போது கலவை மெலிந்திருக்கிறது, போதாததற்கு முந்தின சுற்றின் புகையும் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கிறது. அங்கே அகலமான கேப் வேண்டும். லோட் ஏற்றும்போது ஒரு கேப், சிக்னலில் நிற்கும்போது ஒரு கேப் என்று மாற்றிக்கொள்ள முடியாது. ஒரே கொக்கி, இரண்டு வானிலை. 1970-களின் நடுவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்காக மெலிந்த கலவையை எரிக்க வேண்டி வந்தபோது அமெரிக்கக் கார்களில் கேப்பை 2 மில்லிமீட்டர் வரைகூட அகட்டிப் பார்த்தார்கள். பிறகு அடக்கிக்கொண்டார்கள்.

காயிலை மாற்றுவது இன்னொரு வழி. ஆறு சிலிண்டருக்கும் ஒரே காயில் என்றால் 6,000 சுற்றில் அது ஒரு வினாடிக்கு 300 பொறி கொடுக்க வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 3.3 மில்லிவினாடிதான். அதற்குள் முழுசாக நிரம்பாது. பிளக்குக்கு ஒரு காயில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிவினாடி கிடைக்கிறது. செலவு அதிகம். கொக்கியை வளைப்பதற்குச் செலவில்லை.

*

அண்ணன் முதலில் செய்தது காற்றடிக்கும் குழாயால் பிளக் குழிகளை ஊதியது. அங்கே தேங்கியிருக்கும் மண் சிலிண்டருக்குள் விழுந்தால் கதை வேறு. எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். அலுமினியத் தலை சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை உரிந்துவிடும். ஆறு பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே பழைய நாளிதழ் மேல் அடுக்கினார். முனைகள் பழுப்பு. கலவையில் குறையில்லை. வெள்ளையாக வெந்திருந்தால் வேறு கவலை, அப்போது சூட்டை வேகமாகத் தலைக்குக் கடத்தும் குளிர்ந்த ரகப் பிளக் தேட வேண்டும். பூஸ்ட் எஞ்சினுக்கு ஒரு படி குளிர்ந்த ரகமே நல்லது.

ஃபீலர் கேஜ் தகடுகளை விசிறி மாதிரி விரித்தார். 1.1 தகடு லேசாக உள்ளே போனது. ஒன்றிரண்டில் 1.2-ம் போனது. பொறி தினமும் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது, ஓட ஓட கேப் அகலும். பழைய பிளக்குக்குத் தட்டைத் தகட்டைவிட உருண்டைக் கம்பி அளவுகோல் சரியாகக் காட்டும். முனையில் குழி விழுந்திருந்தால் தட்டைத் தகடு குழிக்கு மேலே நின்று பொய் சொல்லும்.

“எவ்ளோ வைக்கணும்ணே?”

“முக்கால்.”

நம் கணக்கும் அங்கேதான் வந்து நிற்கிறது. 1.1-ஐ 1.44-ஆல் வகுத்தால் 0.76. வோல்ட்டேஜ் தேவை பழையபடி 24 ஆயிரத்துக்கு இறங்கிவிடும். பூஸ்ட் எஞ்சின்காரர்கள் உலகமெங்கும் 0.7-க்கும் 0.8-க்கும் நடுவில் வந்து நிற்பதன் ரகசியம் இந்த வகுத்தல்தான்.

புதுப் பிளக் போட்டார்கள். பெட்டியிலிருந்து வந்ததை அப்படியே மாட்டக்கூடாது, வழியில் எங்காவது விழுந்து கேப் மூடியிருக்கலாம். கொக்கியின் முதுகைப் பலகையில் செங்குத்தாக மெல்லத் தட்டினார், அளந்தார், மறுபடி தட்டினார். கொக்கியை மட்டும்தான் அசைக்கலாம். நடுக்கம்பியில் நெம்புகோல் கொடுத்து நிமிர்த்தினால் பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரியும். இரிடியம் பிளக்கில் நடுக்கம்பியின் முனை அரை மில்லிமீட்டர் பருமன்தான், காசு மாதிரி வட்டமான அளவுகோலைத் திணித்துச் சுற்றினால் அது போயேபோய்விடும். கேப்பைக் குறைத்த பிறகு கொக்கி நடுக்கம்பியின் தலைப்பரப்புக்கு இணையாக நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாய்ந்து நின்றால் ஒரு ஓரம் மட்டும் தேயும்.

மாட்டும்போது ஸ்பானரை எடுக்கவில்லை. பிளக்கின் பின்பக்கத்தில் ஒரு சாண் ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்து விரலால் சுற்றினார். மரை மாறி ஏறினால் குழாய் வழுக்கிக்கொள்ளும், தலை பிழைக்கும். கை இறுகிய பிறகுதான் ஸ்பானர், புது வாஷர் என்பதால் அரைச்சுற்றுக்குக் கொஞ்சம் கூட.

“இனிமே காலையில ஸ்டார்ட் பண்ணா கொஞ்சம் நடுங்கும். பயப்படாத. அடுத்த மாசம் வயரை மாத்து.”

பையன் மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னானாம், ஒரு டன் உரத்தோடு மூன்றாவது கியரிலேயே ஏறிவிட்டதாக. சிக்னலில் நின்றால் வண்டி லேசாக உதறுகிறது என்றும் சொன்னானாம். இரண்டும் ஒரே கொக்கியின் வேலை.

*

சுங்காய் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை ஆலையின் கழிவுநீர் குளத்தில் நின்றால் மீத்தேன் கிளம்பும். 2014 முதல் மலேசியாவில் புதிதாகக் கட்டும் ஆலைகள் அந்த வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்று விதி வந்தது. பிடித்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் எஞ்சின்கள் கண்டெய்னர் பெட்டி அளவுக்கு இருக்கும். புகையின் வேகத்தில் சுற்றும் டர்போ அவற்றுக்குக் காற்றைத் திணிக்கும். மீத்தேன் டீசலைப் போலத் தானாகப் பற்றாது, பிளக் வேண்டும். உள்ளே அழுத்தம் அந்தப் பிக்கப்பைவிட மிக அதிகம். பாஷெனின் கணக்குப்படியே அந்த வகை எஞ்சின்களில் கேப் 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்து வெள்ளைத்தாள் மூன்றை அடுக்கினால் வரும் கனம்.